காண்டா கம்பு சொல்லித் தரும் இயற்பியல்



"எம் பிள்ளைக்கு எல்லாப் பாடமும் வருது. இந்த இயற்பியல் கணக்கு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது." ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டப்புறத்துக்குப் போனாலும் இந்த வார்த்தை காதில் விழும். பிள்ளை படிவம் நான்கில் காலெடுத்து வைக்கிற நேரத்தில் வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவார்கள். "அறிவியல் பிரிவு நமக்கு வேணாம்ப்பா. சுலபமா இருக்கிறதப் பார்த்து எடு."

பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எத்தனை கதவுகள் சாத்தப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியல் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் படிப்புக்குப் போகும் வழக்கமான பாதை அடைபட்டுப் போகிறது. பதினாறு வயதில் பயந்து எடுத்த முடிவு அறுபது வயது வரைக்கும் கூடவே வருகிறது.

ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே மண்டை இல்லையா? அல்லது கணக்கை எப்படி அணுகுவது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லையா?

சூத்திர வேட்டை

ஒரு சாதாரணக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. பிரேக் பிடித்ததும், ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்ற அளவில் குறைகிறது. எவ்வளவு தூரம் போய் நிற்கும்?

கேள்வியைப் பார்த்த உடனே பையன் என்ன செய்கிறான்? கண் நேராக எண்களுக்குப் போகிறது. 72 இருக்கிறது, 5 இருக்கிறது. இந்த இரண்டையும் போட ஒரு சூத்திரம் வேண்டும். மனப்பாடம் செய்த பட்டியலில் தேடுகிறான். வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் கிடைக்கிறது. 72-ஐ 72-ஆல் பெருக்கினால் 5,184. அதைப் பத்தால் வகுத்தால் 518.4 மீட்டர். அடிக்கோடு போட்டு முடித்துவிடுகிறான்.

அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடி நிற்கிற மோட்டார் சைக்கிளை எந்தத் தோட்டத்திலாவது யாராவது பார்த்ததுண்டா? அப்படி ஒரு வண்டி இருந்தால் அதில் ஏறுவதற்கு யாருக்காவது தைரியம் வருமா? அந்தப் பையனே ஏற மாட்டான். ஆனால் விடைத்தாளில் எழுதுகிறான்!

சூத்திரம் சரியானதுதான். பெருக்கலும் சரிதான். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பதை விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிக்கொள்ளாமல் போனதுதான் கோளாறு. மாற்றியிருந்தால் 20-ஐ 20-ஆல் பெருக்கி 400, அதைப் பத்தால் வகுத்து 40 மீட்டர். ஏறக்குறைய எட்டு, ஒன்பது கார்களை வரிசையாக நிறுத்துகிற தூரம். இது நம்பக்கூடிய விடை.

விடை வந்த பிறகு அரை நிமிடம் நின்று, "இது நடக்கிற காரியமா?" என்று அவன் தன்னையே கேட்டிருந்தால் போதும். மதிப்பெண் தப்பியிருக்கும். அந்த அரை நிமிடத்தைத்தான் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ஹங்கேரி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை, 1945-இல் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதுதான் அதன் பொருள். அவர் சொன்னது நான்கே படிகள். முதலில் கேள்வியைப் புரிந்துகொள். பிறகு ஒரு திட்டம் போடு. அதன்பின் கணக்கைச் செய். கடைசியில் திரும்பிப் பார். நம் பிள்ளைகள் பலர் மூன்றாவது படியில் மட்டும் ஏறி நின்றுகொண்டு, "கணக்கு வரலை" என்று அழுகிறார்கள். ஏணியில் ஒரு படி மட்டும் இருந்தால் யாரால் கூரைக்கு ஏற முடியும்?

பாட்டியின் தோளில் இருந்த பாடம்

சரி, முதல் படியைப் பார்ப்போம். கேள்வியைப் புரிந்துகொள்வது என்றால் என்ன? எழுத்தைப் படமாக மாற்றுவது. இதற்குத் தோட்டத்துப் பிள்ளைக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை.

பால்மரத் தோட்டங்களில் பெண்கள் காண்டா கம்பில் இரண்டு வாளிகளை மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு நடந்த காலம் உண்டு. கம்பின் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வாளியில் 20 கிலோ, பின்வாளியில் 10 கிலோ. கம்பின் எந்த இடத்தைத் தோளில் வைக்க வேண்டும்?

புத்தகத்தில் இதே கேள்வி வந்தால் பிள்ளை திருதிருவென்று முழிக்கிறது. பாட்டியைக் கேட்டால் சிரிப்பார். "கனமான வாளிப் பக்கம் தோளத் தள்ளி வை. அது கூடவா தெரியாது?"

அவ்வளவுதான் திருப்புத்திறன் விதி! தோளிலிருந்து கனமான வாளி எவ்வளவு தூரம், இலேசான வாளி எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. 20-ஐ அரை மீட்டரால் பெருக்கினால் 10. 10-ஐ ஒரு மீட்டரால் பெருக்கினாலும் 10. இரண்டு பக்கமும் சமம். ஆகவே முன்வாளியிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தோள் இருக்க வேண்டும். கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எழுதி வைத்ததைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் தோள் தினமும் செய்தது.

பால் ஸ்டோருக்குப் போனால் அங்கேயும் ஒரு பாடம். வெறும் பாலின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ரப்பர் அதிகமுள்ள பாலில் அந்தக் கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும்பி நிற்கும். மிதப்பு விதி என்று எஸ்.பி.எம். பாடத்தில் வருகிறதே, அதைத்தான் கிராணி கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த விதியை வைத்துத்தான் ஒரு குடும்பத்தின் கூலி தீர்மானமானது.

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் பழைய சாலையில் புக்கிட் பூத்துஸ் மலை ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாலை ஏன் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது? நேராக மேலே ஏறினால் தூரம் குறையும். ஆனால் வண்டி இழுக்காது. வளைந்து போனால் தூரம் கூடும். தேவையான விசை குறையும். உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏறுகிற உயரம் ஒன்றுதான், ஆகவே செய்யும் வேலையும் ஒன்றுதான். சாய்தளம் என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு வளைவில் அடங்கிக் கிடக்கிறது.

நம் பிள்ளைகள் அனுபவத்தில் ஏழைகள் இல்லை. அந்த அனுபவத்தையும் புத்தகத்தையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

வேஷத்தைப் பார்க்காதே, ஆளைப் பார்!

கெட்டிக்கார மாணவனுக்கும் தடுமாறுகிற மாணவனுக்கும் என்ன வித்தியாசம்? ஞாபகசக்தியா? 1981-இல் அமெரிக்காவில் மிக்கலின் சீ என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். 24 இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, "ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாகப் பிரித்து வையுங்கள்" என்றார்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? சரிவுப் பலகை வருகிற கணக்கெல்லாம் ஒரு பக்கம், சுருள்வில் வருகிற கணக்கெல்லாம் ஒரு பக்கம். தேர்ந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. இது ஆற்றல் அழியாமையில் முடியும் கணக்கு, இது நியூட்டனின் இரண்டாம் விதியில் முடியும் கணக்கு என்று விதியைப் பார்த்துப் பிரித்தார்கள். முதல் கூட்டம் வேஷத்தைப் பார்த்தது. இரண்டாம் கூட்டம் வேஷத்துக்குள் இருக்கும் ஆளைப் பார்த்தது.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவோம். ஐந்து மீட்டர் உயரமுள்ள செம்பனை மரத்திலிருந்து ஒரு குலை விழுகிறது. தரையைத் தொடும்போது என்ன வேகம்? இது ஒரு கணக்கு. ஐந்து மீட்டர் உயரமுள்ள மேட்டிலிருந்து பெடலை மிதிக்காமல் ஒரு பையன் சைக்கிளில் இறங்குகிறான். கீழே வரும்போது என்ன வேகம்? இது இன்னொரு கணக்கு. பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு. காற்று, உராய்வு முதலியவற்றை ஒதுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றே. உயரத்தில் இருந்த ஆற்றல் வேகமாக மாறுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் விடை விநாடிக்கு 10 மீட்டர். அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். குலையின் எடை இருபது கிலோவா, முப்பது கிலோவா என்பது இந்த விடையை மாற்றாது.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும். உயரத்தை ஐந்திலிருந்து இருபது மீட்டராக, நான்கு மடங்காக ஏற்றினால்தான் வேகம் இரண்டு மடங்காகி மணிக்கு 72 கிலோமீட்டர் ஆகும். திருப்பிப் பாருங்கள். 72 கிலோமீட்டர் வேகத்தில் போய் மரத்தில் மோதுவதும், இருபது மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதும் வேகத்தில் ஒன்றுதான். மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறக்கிற இளைஞர்களுக்கு எத்தனை அறிவுரை சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்த்தால் ஏறும். இயற்பியல் தேர்வுக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. உயிருக்கும் உள்ள பாடம்.

மூன்று மொழிக்கு நடுவில் ஒரு பிள்ளை

இனி ஒரு நியாயமான குறை. "எங்க பிள்ளைங்க தமிழ்ப்பள்ளியில தமிழ்ல படிச்சிட்டு வருதுங்க. இடைநிலைப்பள்ளியில வேற மொழி. எப்படிப் புரியும்?"

உண்மைதான். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வரை தமிழில் அறிவியல் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் அதே பாடத்தை ஆங்கிலத்தில் படித்தது. வரலாற்றையும் புவியியலையும் மலாய் மொழியில் படித்தது. அந்தத் திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. பிறகு 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. பெரியவர்கள் முடிவை மாற்ற மாற்ற, சின்னப் பிள்ளைகள் சொற்களை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மொழிச் சிக்கலுக்குள் கருத்துச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. கடையில் "அஞ்சு கிலோ எடை" என்கிறோம். இயற்பியலில் ஐந்து கிலோ என்பது நிறை. மலாயில் ஜிசிம். எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை. மலாயில் பெராட். ஐந்து கிலோ நிறையுள்ள பொருளின் எடை ஏறக்குறைய 49 நியூட்டன். அதேபோல வேகம் வேறு, திசைவேகம் வேறு. மலாயில் லாஜு வேறு, ஹலாஜு வேறு. தமிழில் இந்த வித்தியாசம் விளங்காத பிள்ளைக்கு எந்த மொழியில் சொன்னாலும் விளங்காது. தமிழில் விளங்கிவிட்டால், மலாய்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்னும் வேடிக்கை, "வேலை" என்ற சொல். காண்டா கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வரிசையில் அசையாமல் நிற்கிற பாட்டி, இயற்பியல் கணக்குப்படி வாளியின் மீது செய்த வேலை பூஜ்யம்! விசை கொடுத்தார், ஆனால் வாளி நகரவில்லை. அவருடைய தசைகள் களைத்தது உண்மை. வாளிக்கு அதனால் எந்த ஆற்றலும் சேரவில்லை. இந்தக் கணக்கைச் சொல்லி யாராவது கூலியைக் குறைத்திருந்தால் அன்றைக்கே தோட்டத்தில் வேலைநிறுத்தம்தான். ஆக, அன்றாடப் பேச்சின் பொருள் ஒன்று, பாடத்தின் பொருள் ஒன்று என்று பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஹார்வர்டிலும் இதே கதைதான்

"இதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்கு வர்ற கஷ்டம்" என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். உலகப் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். 1990 வாக்கில் அவர் அவர்களுக்கு எண்களே இல்லாத எளிய கேள்விகள் சிலவற்றைக் கொடுத்தார். ஒரு பெரிய லோரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன் மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா?" என்ற பொருளில் கேட்டாராம்!

பேராசிரியர் அசந்துபோனார். சூத்திரம் ஒரு பெட்டியில் இருக்கிறது. நம்பிக்கை வேறொரு பெட்டியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இதற்கு அவர் கண்ட வழி என்ன? கேள்வியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசி, "ஏன் அப்படி?" என்று விளக்கச் சொன்னார். நேற்றுப் புரிந்துகொண்ட மாணவன், இன்னும் புரியாத மாணவனுக்கு ஆசிரியரைவிட நன்றாக விளக்குகிறான். தான் எங்கே தடுமாறினோம் என்பது அவனுக்கு இன்னும் மறக்கவில்லையே!

அந்த லோரிக் கேள்விக்கு விடை வேண்டுமா? குலை ஏற்றிய லோரியும் ஒரு மைவி காரும் மோதினால், ஒன்றின் மீது ஒன்று செலுத்தும் விசை சரிசமம். நியூட்டனின் மூன்றாம் விதி. காரின் நிறை குறைவு, அதனால் அதன் வேகம் சட்டென்று அதிகமாக மாறுகிறது. சேதமும் அதற்கே அதிகம். இன்று இரவு சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டுப் பாருங்கள். வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதம்தான் படிப்பு.

பெற்றோர் செய்யக்கூடியது

"நாங்க படிக்காதவங்க. எங்களால என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். இயற்பியல் தெரியாத பெற்றோரும் நான்கு கேள்விகள் கேட்கலாம். பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடக்குதுன்னு படம் போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். "எதைத் தெரியும்னு சொல்றான், எதைக் கேக்கறான்?" என்று கேளுங்கள். "எந்த விதியைப் பிடிக்கப் போறே? ஏன்?" என்று கேளுங்கள். விடை வந்ததும், "இது நடக்கிற காரியமா?" என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு விளங்கும்படி சொல்வதற்குள் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் நாடெங்கும் நம் பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடத்தி வந்திருக்கின்றன. அத்தகைய வகுப்புக்குப் போகிற பிள்ளையிடம், "இன்னிக்கு எத்தனை கணக்குப் போட்டே?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கணக்கில தடுமாறினே, எப்படி வெளியே வந்தே?" என்று கேளுங்கள். யோசிக்காமல் போட்ட ஐம்பது கணக்கைவிட, தடுமாறி எழுந்த ஐந்து கணக்கு மேல்.

நெகிரி செம்பிலான் மாறிவிட்டது. நீலாய், செண்டாயான் பக்கம் பால்மரம் நின்ற இடங்களில் இன்று வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. தோட்டம் போனாலும், தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பால்வெட்டுக் கத்திதான் காத்திருந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் இன்று இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்துகிறவருக்கு. இன்னொன்று அந்த இயந்திரத்தை வடிவமைக்கிறவருக்கு. எந்த வாசல் வழியாக உங்கள் பிள்ளை உள்ளே போகும் என்பது பெரும்பாலும் படிவம் நான்கில் முடிவாகிறது.

பாட்டி தோளை நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான் சரியான இடத்தைக் கண்டுபிடித்தார். முதல் நாளே அவருக்கு வந்துவிடவில்லை. வாளி சாய்ந்தது, பால் கொட்டியது, மறுநாளும் தூக்கினார். பேரப்பிள்ளைக்கும் அதே பொறுமையைக் கொடுங்கள். "உனக்கு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, "படம் போடு சாமி" என்று சொல்லுங்கள். மீதியை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.